காதில் மஞ்சள் வில்லை

இறந்தவற்றை வரைகிறேன்.
பூனைகள், நாய்கள், ஒருமுறை ஒரு கிளி.
இன்னொரு முறை ஓர் ஆமை:
அது செத்துவிட்டதா என்று வீட்டார் முடிவு செய்யவே
பத்து நாள் ஆயிற்று.
திபிலீசியில் இதற்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது.
ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்குவதிலேயே
பாதி அழுகை இறங்கிவிடும்.
மீதிக்குத்தான் நான்.

ஜும்பர் அழவில்லை.
ருஸ்தாவி தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர்.
விரிசல் விட்ட கைப்பேசியை
சுடுபாத்திரம் போல மேசையில் வைத்தார்.
"என் நாய் இல்லை, கல்பத்தோனோ.
யார் நாயும் இல்லை."

இருந்தது ஒரே படம்.
அதிலும் பாதிதான் நாய்,
மீதி யாரோ ஒரு பெண்ணின் தக்காளிப் பை.
காதில் மாநகராட்சி குத்திய மஞ்சள் வில்லை:
ஊசி போட்டாயிற்று, கருத்தடை ஆயிற்று,
தெருவில் இருந்துகொள்ளலாம் என்று
ஊர் கொடுத்த அனுமதி.
நிறுத்தத்தில் எல்லோருக்கும் அது பொம்போரா.

"வில்லை வேண்டாம்" என்றார்.
"வீட்டு நாய் மாதிரி இருக்கட்டும்.
கண் திறந்திருக்கட்டும்."
வாசல்வரை போய்த் திரும்பி வந்து
இன்னொரு தரம் சொன்னார்: கண்.

மூன்று வாரம்.
அழுக்கு வெள்ளை அவ்வளவு லேசில் அமையாது.
வெள்ளையில் கொஞ்சம் காவி, ஒரு பொட்டு நீலம்,
டீசல் புகைக்கு விரல்நுனியால் கரி.
தக்காளிப் பை மறைத்த பின்னங்கால்களை
கீழ்த்தெரு நாய் ஒன்றிடம் கடன் வாங்கினேன்.
எல்லாம் கூடி வந்தது.
வெறும் காது மட்டும்
எப்படிப் போட்டாலும் வேறு எதன் காதோ.

பார்க்க வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.
"நல்ல நாய்" என்றார். "அது இல்லை."
பிறகு ஜன்னலிடம் சொல்வது போல,

பிப்ரவரியில்
எஞ்சின் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும்.
அதற்கு அது தெரியும்.
நான் டீ குடித்து வருவதற்குள்
அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
தினமும் குனிந்து பார்ப்பேன்.
அன்றைக்குப் பதினெட்டுப் பேரும் ஏறியாயிற்று.
ஒருவன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.
குனியவில்லை.

நான் ஆறுதல் சொல்லவில்லை.
எனக்கு அது வராது, கட்டணத்திலும் சேர்த்தி இல்லை.
தூரிகையைத் திருப்பி, காம்பை அவர் பக்கம் நீட்டினேன்.

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.
மஞ்சளை அவரே வைத்தார்,
நிஜத்தைவிடப் பெரிதாக, கோணலாக.
எண் நினைவிருந்தது. எழுதினார்.
கடைசி இலக்கத்தில் சாயம் வழிந்தது.
துடைக்கப் போன என் துணியை
அப்படியே பிடித்து நிறுத்தினார்.

பணம் ஒரு காலுறையில் வந்தது,
பயணிகள் தந்த சில்லறையாக.
எங்கள் சில்லறைக்குத் தெத்ரி என்று பெயர்;
சொல்லுக்குப் பொருள் வெள்ளை.
எண்ணி முடிக்க ஒரு மாலை போயிற்று.

மார்ச் முடிவில் ஒரு நாள்
ருஸ்தாவியில் ஒரு வேலையும் இல்லாமல் ஏறினேன்.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
நான்கு திருகாணியில் மாட்டியிருந்தது படம்.
குலுங்கலில் அதற்குக் கொஞ்சம் உயிர் இருந்தது.
எதிரே இருந்த பையன் கேட்டான்:
"யாருடைய நாய்?"

ஜும்பர் பதில் சொல்லாமல் இறங்கினார்.
முகப்புத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி.
சகதியில் ஒரு முழங்காலை ஊன்றி
வண்டிக்கு அடியில் பார்த்தார்.
சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார்.
"நேரமாகிறது" என்றாள் ஒருத்தி.
யாரும் ஒத்து ஊதவில்லை.

ஏறி அமர்ந்து,
ஈரமான முழங்காலோடு சாவியைத் தொட்டவர்
கண்ணாடி வழியே பையனைத் தேடிச் சொன்னார்,
"என்னுடையது."

பிறகுதான் வண்டி கிளம்பியது.